கடலின் வழியே ஒரு பள்ளி

இளைஞர் முகாம் என்றதும் கூடாரமும், தீமூட்டிச் சுற்றியமர்ந்து பாடுவதும் நம் நினைவுக்கு வரும். அவ்வகை முகாம்களுள் உலகப் புகழ்பெற்ற ஒன்று பிறந்த வரலாறோ துயரம் நிறைந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டனின் வணிகக் கப்பல்களை மூழ்கடித்து வந்தன. உயிர்காப்புப் படகுகளில் ஏறியோருள் முதிய மாலுமிகள் பிழைக்க, இளையோர் மடிவதாக லிவர்பூல் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹோல்ட் வருந்தினார். உடல் வலிமை இளையோர்க்கே மிகுதி. குறைந்தது தன்னம்பிக்கை என்பது அவர் முடிவு.

அவருக்குத் துணையாக வாய்த்தவர் கூர்ட் ஹான். யூதக் குடும்பத்தில் பிறந்த ஜெர்மானியக் கல்வியாளர். ஹிட்லரை எதிர்த்து 1933-இல் சிறைப்பட்டு, பிரிட்டனில் அடைக்கலம் புகுந்தவர். 1941-இல் வேல்ஸ் நாட்டு அபர்டவி கடற்கரையில் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ பள்ளி தொடங்கிற்று. துறைமுகம் விட்டுப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் பெயர் அது. ஏறத்தாழ ஒரு மாதம் பாய்மரப் படகு, மலைநடை, மீட்புப் பயிற்சி. (நம் தாய்மார் கேட்டால் பதறியிருப்பர்!) மாலுமிப் பையன்களோடு தொழிற்சாலைச் சிறுவரும் பள்ளி மாணவரும் ஒரே படகில் ஏறினர். கடலுக்காக அன்று, கடலின் வழியாகவே பயிற்சி என்பது ஹோல்ட்டின் கருத்து. ஆகவேதான் போர் முடிந்தும் பள்ளி மூடப்படவில்லை. 1950-இல் எஸ்க்டேலில் மலைப்பள்ளியும் எழுந்தது.

1997-இல் அறிஞர் சிலர் இத்தகைய முகாம்களைப் பற்றிய 96 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். முகாமில் பெற்ற தன்னம்பிக்கை வீடு திரும்பியபின் தேயவில்லை, வளர்ந்தே வந்தது என்று கண்டனர். அதனை அறிய ஹான் இல்லை, 1974-இலேயே மறைந்துவிட்டார்.