வெள்ளைத் துணியும் ஒரு பிளாஸ்டர் சிலையும்: வெளிச்சம் கத்துக்கிட்ட கதை

புதுசா படம் பிடிக்க வர்றவங்க கேக்குற முதல் கேள்வி, "என்ன லைட் வாங்கலாம்?" காலடிப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போனை வச்சு குறும்படம் எடுக்கிற பசங்களும் இதைத்தான் கேக்குறாங்க. அதுக்கு நம்ம சினிமா சரித்திரத்துலயே பதில் இருக்கு.

1917. புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோடு. மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துவந்த ஆர். நடராஜ முதலியார் அங்கே இந்தியா ஃபிலிம் கம்பெனியைத் தொடங்குகிறார். ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற கேமராமேனிடம் பூனாவில் தொழில் கற்றவர். தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான 'கீசக வதம்' இங்கேதான் உருவாச்சு. கையால சுத்துற கேமரா. வெளிச்சத்துக்குச் சூரியன். செட்டுக்கு மேல கூரைக்குப் பதிலா மெல்லிய வெள்ளைத் துணி, அவ்வளவுதான்.

ஏன் துணி? உச்சி வெயில் நேரா தலையில விழுந்தா கண்குழி கறுத்துடும், மூக்குக்குக் கீழ நிழல் வெட்டும். வெயில் துணி வழியா வடிஞ்சு வந்தா முகம் முழுக்கப் பரவும். இன்னிக்கு 'டிஃப்யூசர்'னு காசு கொடுத்து வாங்குறது இதைத்தான். அந்தப் படத்தோட பிரதி எதுவும் இன்னிக்கு மிச்சமில்லை. ஆனா அந்த யுக்தி இருக்கு.

அடுத்தது ஃப்ரேம். ஆரம்பகாலப் புராணப் படங்களில் கேமரா பெரும்பாலும் நாடகம் பார்க்க வந்த ஆள் மாதிரி ஒரே இடத்தில் நின்றது. தலையிலிருந்து கால்வரை எல்லாரும் தெரிவார்கள். நாம 'வைடு ஷாட்'னு சொல்றோமே, அது. ஆள் எங்க இருக்கார்னு சொல்ல வைடு. இடுப்புக்கு மேல காட்டுற மிட் ஷாட், கை என்ன செய்யுதுன்னு சொல்லும். மனசுல என்ன ஓடுதுன்னு சொல்லணும்னா க்ளோசப் வேணும்.

மேடையை விட்டுக் கேமராவை நகர்த்தியவர்களில் முக்கியமானவர் எல்லிஸ் ஆர். டங்கன். 1935-ல் வந்த அமெரிக்கர். தமிழ் தெரியாது. 1945-ல் அவர் இயக்கிய 'மீரா'வுக்காக ஒரு வேலை செய்தார். எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையைப் பிளாஸ்டர் சிலையாக வார்த்து, கேமராமேன் ஜிதேன் பானர்ஜியுடன் சேர்ந்து, வெவ்வேறு கோணத்தில் வெவ்வேறு வெளிச்சத்தில் படம் பிடித்துப் பார்த்தார். எந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தா அந்த முகம் எப்படி மாறுதுன்னு முதல்ல படிச்சாங்க. அப்புறம்தான் ஷூட்டிங்.

இங்கதான் விஷயமே இருக்கு. ஒரு முகத்துக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கினாங்க. வடசென்னை முகங்களுக்கு சினிமா எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கு? பல படங்கள்ல நம்ம தெரு இருட்டாத்தான் வரும், நம்ம ஆளுங்க கூட்டமா தூரத்துல ஓடுவாங்க. அது வெளிச்சக் குறைவு இல்லை. பாக்க நேரம் ஒதுக்காத குறை.

அதனால இந்த வாரம் ஒரு பயிற்சி. மீன் விக்கிற அத்தையோ, ரிட்டயர் ஆன தாத்தாவோ, வீட்டுல ஒருத்தரைக் கேளுங்க. வாசல்படிக்கு ஒரு அடி உள்ளே, தெருவைப் பார்த்து உட்கார வையுங்க. தெரு வெளிச்சம் முகத்துல விழும், பின்னாடி வீடு தானா இருட்டாகும். போன் திரையில முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கோங்க. அவங்களை மெதுவா இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பச் சொல்லி, எது அவங்க முகம்னு கண்டுபிடிங்க. வைடு ஒண்ணு, மிட் ஒண்ணு, க்ளோசப் ஒண்ணு. மூணு போதும்.

மொட்டை மாடியில எடுக்கிறதா இருந்தா, நமக்குக் கடல் கிழக்கே இருக்கு. காலையில கடலைப் பார்த்து நிறுத்துங்க. மத்தியானம்னா கொடியில ஒரு வெள்ளை வேட்டியைத் தலைக்கு மேல விரிச்சுக் கட்டுங்க. 300 வருஷத்துக்கு முன்னாடி கவர்னர் ஜோசப் காலெட் பேருல நெசவாளர்கள் குடியேறின ஊர் இது. காலெட்பேட்டைதான் வாய்வழக்குல காலடிப்பேட்டை ஆச்சு. இங்க வெள்ளைத் துணிக்கா பஞ்சம்?

எடுத்ததும் படத்தை முதல்ல அவங்களுக்கே காட்டுங்க. "இது நான்தான்"னு அவங்க சொன்னா, உங்க லைட்டிங் சரி.