சொல் விளக்கம்: அணி

அணி (பெயர்ச்சொல்): நகை, அழகு, வரிசை, படை வகுப்பு, ஆட்டக் குழு. ‘அணி’ என்னும் வினையடியே பெயராகவும் நின்றது. பூணுதலும் ஒழுங்குபட நிறுத்துதலும் அதன் பொருள்கள். ‘அணிவகுப்பு’, ‘அணியிலக்கணம்’ இரண்டும் இதன் கிளைகள்.

கணினித் தமிழில், தரவுகளை வரிசையாக வைக்கும் ‘அரே’ என்பதற்கு இதுவே பெயர். சாதாரண அணியின் அளவு மாறாது. வளரவும் சுருங்கவும் வல்ல ‘அரேலிஸ்ட்’ 1998-இல் ஜாவா நிரல்மொழியின் 1.2 பதிப்போடு வந்தது. அதில் ‘செட்’ என்னும் கட்டளை ஓர் இடத்தில் இருப்பதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும், எடுத்ததைத் திருப்பித் தரும், எண்ணிக்கை மாறாது. ‘ஆட்’ எண்ணிக்கையைக் கூட்டும். நடுவில் செருகினால் பின்னுள்ளவை ஓரிடம் தள்ளிப்போகும்.

ரவுண்டானாவிலேயே கபடி வீரர் சிலைகள் நிற்கும் மதுரைச் செல்லூரில் இதை விளக்குவது எளிது. களத்தில் எழுவர். ஒருவரை வெளியே அழைத்து மாற்று வீரரை இறக்கினால் அது ‘செட்’, எழுவர் எழுவரே. அவுட் ஆனவர் வெளியேறினால் ஒருவர் குறைவார், அது ‘ரிமூவ்’. இடங்கள் பூஜ்யத்தில் தொடங்குவதால் ஏழாமவரின் எண் 6. ‘செட்’டுக்கு 7 என்று கொடுத்தால் பிழை வரும்.

புதிதாகச் சேர்க்க ‘ஆட்’, இருப்பதை மாற்ற ‘செட்’: நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் இதை மனத்தில் நிறுத்துக.