அமெரிக்க மாநிலங்களில் ஆட்கடத்தல் தடுப்புச் சட்டங்கள்

அமெரிக்காவில் ஆட்கடத்தலைத் தண்டிக்கும் சட்டங்கள் இரண்டு அடுக்குகளில் உள்ளன. முதல் அடுக்கு, 2000 அக்டோபரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட கூட்டாட்சிச் சட்டம். இரண்டாவது அடுக்கு, 50 மாநிலங்களும் தனித்தனியாக இயற்றிக்கொண்ட சட்டங்கள். அந்த நாட்டில் குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை மாநில, உள்ளூர் அதிகாரிகளின் கையில்தான் இருக்கின்றன. மாநிலச் சட்டத்தில் ஆட்கடத்தல் என்றொரு குற்றம் இல்லாத வரை, ஊர்க் காவல் நிலையம் அந்த வழக்கை விபசாரம், அடிதடி, கூலிப் பாக்கி என்று வேறு ஏதோ ஒரு பிரிவில்தான் பதிய முடியும். இந்தக் குறையைத் தீர்க்க, மாநிலம் மாநிலமாகச் சென்று மசோதாக்களைப் பின்தொடர்ந்து வாதாடிய முயற்சி 2002ஐ ஒட்டித் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் சட்டம் வந்துவிட்டது.

குற்றத்தின் வரையறையைப் பெரும்பாலான மாநிலங்கள் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்தே எடுத்துக்கொண்டன. வன்முறை, ஏமாற்று, மிரட்டல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கையாண்டு ஒருவரை உழைப்பிலோ பாலியல் தொழிலிலோ ஈடுபடுத்துவது ஆட்கடத்தல். 18 வயது நிறையாதவரைப் பாலியல் தொழிலில் ஈடுபடுத்தியிருந்தால் வன்முறையோ ஏமாற்றோ இருந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை. எல்லை தாண்டி அழைத்துச் சென்றிருக்க வேண்டும் என்பதும் இல்லை. பிறந்த ஊரிலேயே, சொந்த வீட்டிலேயே ஒருவர் கடத்தலுக்கு ஆளாகலாம்.

பழைய சட்டங்கள் இவ்வளவு விரிந்தவை அல்ல. 1865இல் வந்த 13ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1910இன் மான் சட்டம், பெண்களை ஒழுக்கக்கேடான நோக்கத்துக்காக மாநில எல்லை கடத்துவதைத் தடை செய்தது. 1995 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே எல் மான்டி என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி வளாகத்துக்குள் அதிகாரிகள் நுழைந்தபோது, முள்கம்பி வேலிக்குள் அடைபட்டு ஆடை தைத்துக்கொண்டிருந்த 72 தாய்லாந்துத் தொழிலாளர்களைக் கண்டார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தவர்கள். அவர்களை அடைத்து வைத்தவர்கள்மேல் ஆட்கடத்தல் என்று வழக்குப் போட அப்போது சட்டம் இல்லை. 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிவிட்ட நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

மாநில அளவில் முதல் அடி எடுத்து வைத்தது வாஷிங்டன் மாநிலம். திருமணத் தரகு நிறுவனங்கள் மூலம் வெளிநாட்டிலிருந்து மணம் முடித்து வந்த பெண்கள் கணவர்களாலேயே கொல்லப்பட்ட வழக்குகள் 1995இலும் 2000இலும் அங்கே பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியிருந்தன. பிலிப்பைன்ஸில் பிறந்த சட்டமன்ற உறுப்பினர் வெல்மா வெலோரியா இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தார். 2002இல் ஆட்கடத்தலை ஆராய ஒரு பணிக்குழு அமைந்தது. 2003இல் ஆட்கடத்தலைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் நிறைவேறியது. டெக்ஸாஸும் அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. 2004இல் கூட்டாட்சி நீதித்துறை மாநிலங்களுக்காக ஒரு முன்மாதிரிச் சட்ட வரைவை வெளியிட்டது. கலிபோர்னியா 2005இலும், நியூயார்க் 2007இலும் பின்தொடர்ந்தன.

மசோதாக்களைப் பின்தொடர்வது வெளியிலிருந்து பார்க்கத் தெரிவதைவிடக் கடினமான வேலை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி நாட்காட்டி உண்டு. டெக்ஸாஸ் சட்டமன்றம் வழக்கமாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், 140 நாள் மட்டுமே கூடும். அந்தக் காலத்துக்குள் நிறைவேறாத மசோதா செத்துப்போகும். அடுத்த கூட்டத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும் இரண்டு அவைகள். அறிமுகமான மசோதாவைக் குழுத்தலைவர் பட்டியலில் சேர்க்காமல் விட்டாலே போதும், யாரும் எதிர்த்து ஓட்டுப் போடாமலே அது முடிந்துவிடும். குழு விசாரணையில் பேச வருபவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். கடத்தலிலிருந்து மீண்டவர்கள் அந்தச் சில நிமிடங்களில் தங்கள் வாழ்க்கையைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். பிறகு, எவ்வளவு செலவாகும் என்ற கணக்குக் குறிப்பு வரும். பாதிக்கப்பட்டோருக்கான விடுதி, சிகிச்சை ஆகிய பிரிவுகள் பெரும்பாலும் இங்கேதான் வெட்டுப்படும். தண்டனைப் பிரிவுக்கு உடனடிச் செலவு குறைவு என்பதால் அது தப்பித்துவிடும். தொடக்க காலச் சட்டங்கள் தண்டனையில் தடித்தும் உதவியில் மெலிந்தும் இருந்ததற்கு இது ஒரு காரணம். இரு அவைகளையும் தாண்டியது ஆளுநரிடம் போகும். அவர் அங்கே மக்கள் தேர்ந்தெடுத்தவர், மறுத்துத் திருப்பி அனுப்பும் அதிகாரம் உள்ளவர்.

இந்த வேலைக்கு வேகம் கொடுத்தது மதிப்பெண் முறை. பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் 2002இல் தொடங்கிய போலாரிஸ் என்ற அமைப்பு, பத்து வகைச் சட்ட ஏற்பாடுகளை வைத்து ஒவ்வொரு மாநிலத்தையும் நான்கு படிகளில் நிறுத்தியது. பாலியல் கடத்தல், உழைப்புக் கடத்தல் இரண்டும் குற்றமா, போலீசாருக்குப் பயிற்சி உண்டா, உதவி எண்ணை ஒட்டி வைக்க வேண்டுமா, பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாமா என்ற கேள்விகள் அதில் இருந்தன. 2011இல் சிறந்ததான முதல் படியில் இருந்தவை 11 மாநிலங்கள், 2014இல் 39. முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் லிண்டா ஸ்மித் நிறுவிய ஷேர்டு ஹோப் இன்டர்நேஷனல், 2011 முதல் சிறார் பாலியல் கடத்தலுக்கு மட்டும் பள்ளி ரேங்க் கார்டு மாதிரி ஏ முதல் எஃப் வரை தரம் போட்டது. முதல் ஆண்டில் ஏறத்தாழப் பாதி மாநிலங்கள் எஃப் வாங்கின. உள்ளூர்ப் பத்திரிகைகள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. தன் மாநிலம் கடைசி வரிசையில் நிற்பதை எந்த அரசியல்வாதியும் விரும்புவதில்லை. 2013இல் வயோமிங் ஆட்கடத்தலைக் குற்றமாக்கியபோது 50 மாநிலங்களும் கணக்கில் வந்துவிட்டன. அதே ஆண்டில் சீர்மைச் சட்ட ஆணையம், எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரு பொது வரைவை ஏற்றுக்கொண்டது.

சட்டம் இருக்கிறதா என்ற கேள்வி முடிந்த இடத்தில், அது யாரைத் தண்டிக்கிறது என்ற கேள்வி வந்தது. ஹூஸ்டனில் ஒரு சிறுமி, சாதாரண உடையில் காரில் வந்த போலீஸ்காரரைக் கைகாட்டி நிறுத்தி 20 டாலருக்கு உடன்பட்டாள். விபசாரக் குற்றத்துக்காகக் கைதானாள். விசாரித்தபோது அவளுக்கு வயது 13. சட்டப்படி பாலுறவுக்குச் சம்மதிக்கவே முடியாத வயதில் உள்ள பிள்ளையை விபசாரக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது என்று கேட்டு, டெக்ஸாஸ் உச்ச நீதிமன்றம் 2010இல் கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றியது. இப்படிப்பட்ட சிறாரைக் குற்றவாளியாக அல்லாமல் பராமரிப்பு தேவைப்படுபவராக நடத்தும் சட்டத்தை நியூயார்க் 2008இல் இயற்றியிருந்தது. இல்லினாய் 2010இல் 18 வயதுக்குட்பட்ட யார்மீதும் விபசார வழக்குப் போட முடியாது என்றது. கடத்தப்பட்ட காலத்தில் சுமத்தப்பட்ட விபசாரத் தண்டனையை நீதிமன்றத்தில் நீக்கிக்கொள்ளும் வழியையும் நியூயார்க்தான் 2010இல் முதலில் திறந்தது. வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் விண்ணப்பிக்கும்போதெல்லாம் பழைய வழக்கு எழுந்து நிற்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல.

மாநிலச் சட்டத்துக்கு எல்லை உண்டு என்பதை இணையம் காட்டியது. சிறாரை விற்கும் விளம்பரங்களை வெளியிடும் தளங்களைத் தண்டிக்க வாஷிங்டன் 2012இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பேக்பேஜ் என்ற தளம் நீதிமன்றம் போய், பிறர் இடும் பதிவுகளுக்குத் தளங்களைப் பொறுப்பாக்காத இன்னொரு கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பைக் காட்டித் தடை வாங்கியது. டென்னசி, நியூஜெர்சி மாநிலங்களுக்கும் அதே கதிதான். கடைசியில் 2018இல் காங்கிரஸ் அந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. தங்கள் பாதுகாப்பையே அது பறித்துவிட்டது என்று பாலியல் தொழிலாளர் அமைப்புகள் எதிர்த்தன.

உழைப்புக் கடத்தல் இந்த இயக்கத்தின் பலவீனமான பக்கம். ஏடுகளில் குற்றம்தான், வழக்குகளோ மிகக் குறைவு. கத்ரீனா புயலுக்குப் பின், கப்பல், எண்ணெய்க் கிணற்று மேடைகளைப் பழுதுபார்க்கவென்று சிக்னல் இன்டர்நேஷனல் நிறுவனம் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 500 வெல்டர்களையும் குழாய்ப் பொருத்துநர்களையும் அழைத்துச் சென்றது. நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும் என்று நம்பி ஏஜெண்டுகளுக்குப் பெருந்தொகை கட்டிப் போனவர்கள், காவல் போட்ட முகாமில் நெருக்கியடித்துத் தங்க வைக்கப்பட்டார்கள். 2015இல் நியூ ஆர்லியன்ஸ் நடுவர் குழு ஐந்து பேருக்கு 1.4 கோடி டாலர் தரச் சொன்னது. அந்த வழக்கு நடந்தது கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ். எந்த மாநில அரசு வழக்கறிஞரும் தொடுத்ததல்ல.

2021இல் ஷேர்டு ஹோப் தன் அளவுகோலைக் கடுமையாக்கி, பாதிக்கப்பட்டோருக்குத் தரும் உதவிக்குக் கூடுதல் மதிப்பெண் வைத்தது. நல்ல தரம் வாங்கிக்கொண்டிருந்த மாநிலங்களில் பெரும்பாலானவை எஃப்புக்கு இறங்கின. தண்டனையை மேலும் உயர்த்துவதா என்ற சண்டையும் ஓயவில்லை. 2023இல் கலிபோர்னியாவில் சிறாரைக் கடத்துவதைக் கடுங்குற்றப் பட்டியலில் சேர்க்கும் மசோதா, செனட்டில் ஓர் எதிர் ஓட்டும் இல்லாமல் நிறைவேறி, ஜூலை 11 அன்று கீழவையின் பொதுப் பாதுகாப்புக் குழுவில் விழுந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் ஓட்டே போடவில்லை. நீண்ட சிறைத்தண்டனை, மிரட்டலுக்குப் பயந்து உடந்தையாக இருந்த பாதிக்கப்பட்டவர்கள்மேலேயே பாயும் என்பது அவர்கள் தரப்பு. பொதுமக்களின் கோபம் எழ, ஆளுநரும் தலையிட, இரண்டு நாளில் அதே குழு மறுபடி கூடி மசோதாவை அனுமதித்தது. செப்டம்பரில் கையெழுத்தான அந்தச் சட்டம் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.