வாங்குபவர் விலாசம்

நம் பக்கத்துத் தோல் வியாபாரத்தில் ஒரு காலத்தில் பணத்தைவிடப் பத்திரமாக வைத்திருந்தது வாங்குபவரின் விலாசத்தைத்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல், சென்னை பெரியமேட்டுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போகும். ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று அதற்குப் பெயர். கடைசியில் அது யார் கைக்குப் போனது என்று பதனிட்டவருக்குப் பெரும்பாலும் தெரியாது. தெரிந்தால் நேரே கடிதம் எழுதிவிடுவாரே, நடுவில் இருப்பவருக்குக் கமிஷன் ஏது? நான் கணக்கெழுதிய காலத்திலும் ஏஜெண்டுகள் வெளிநாட்டுப் பார்ட்டியின் பெயரை லேசில் சொல்லமாட்டார்கள்.

சில்லறையாக வாங்குகிறவர்களுக்கு வி.பி.பி. இருந்தது. 1877-லேயே தபால் இலாகா தொடங்கியது. நம் விலாசம் கடைக்காரருக்கும் தபால்காரருக்கும் தெரியும், அவ்வளவுதான். 1972 ஆகஸ்ட் 15 முதல் அதோடு பின்கோடும் சேர்ந்தது.

இப்போது கைபேசியில் செருப்பு வாங்குகிறோம். பெரிய கம்பெனியிடமே வாங்குவதாக நினைப்பு. ஆனால் அந்நிய முதலீடு உள்ள தளம் சொந்தச் சரக்கை வைத்து நம்மிடம் விற்கக்கூடாது. 2016-இல் அரசு இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே விற்பவர் எங்கோ இருக்கும் மூன்றாம் ஆள். அவரே பார்சல் அனுப்பினால் நம் பெயரும் விலாசமும் அவரிடம் போயாக வேண்டும். தளத்தின் கிடங்கிலிருந்து வந்தால் அவருக்கு அது தேவையில்லை. எது எப்படி வருகிறது என்று நாம் பார்ப்பதில்லை.

எங்கள் வீட்டுக்குச் செருப்பு வந்த மறுவாரம், பரிசு விழுந்திருப்பதாக ஒருவன் போன் செய்தான். சைஸைக்கூடச் சரியாகச் சொன்னான்! விற்றவரா, கூரியரா, யார் கையிலிருந்து போனதென்று இன்றுவரை தெரியவில்லை.

விற்பவரின் பெயர், விலாசத்தை நமக்குக் காட்டவேண்டும் என்று 2020-இல் விதி வந்தது. நம் விலாசத்துக்குக் காவலாக 2023-இல் தனிநபர் தரவுச் சட்டம் வந்தது. வேலை முடிந்தால் விவரத்தை அழிக்கவேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின; முக்கியக் கடமைகளுக்கு மேலும் 18 மாத அவகாசம். 2 கோடிப் பயனர்களுக்குக் குறையாத தளங்களுக்கு, நாம் கடைசியாக அணுகியதிலிருந்து 3 ஆண்டு என்று கெடு வைத்திருக்கிறார்கள். சந்துக்குள் இருக்கும் சின்ன விற்பனையாளரின் நோட்டை யார் போய்ப் பார்ப்பது? அதுதான் என் சந்தேகம்.

இப்போதைக்கு, காலி அட்டைப் பெட்டியைக் குப்பையில் போடுமுன் மேலே ஒட்டிய லேபிளைக் கிழித்துவிடுகிறேன். பெயர், தெரு, போன் நம்பர் எல்லாம் அதில்தானே இருக்கிறது.