பீபாத்: ஒலிக்காத ஒரு யகரம்

தாய்லாந்தில் பௌத்த மடத்துச் சடங்கானாலும் 'கோன்' என்னும் முகமூடிக் கூத்தானாலும் முன்னால் உட்கார்ந்து வாசிப்பது பீபாத் குழு. பீ என்றால் ஊதுகருவி. அதில் சிக்கல் இல்லை. பாத் என்பதை மட்டும் தாய் எழுத்தில் பார்க்க வேண்டும். சொல்லின் கடைசியில் ஒரு யகரம் நிற்கிறது. 'இதை ஒலிக்காதே' என்று அதன் தலைக்கு மேல் ஒரு சிறு குறி. அந்த யகரத்தையும் சேர்த்துப் படித்தால் வடமொழி 'வாத்ய' வந்து நிற்கும். நாம் வாத்தியம் என்கிறோமே, அதேதான்.

வகரம் எப்படிப் பகரமாயிற்று? வடசொற்கள் பல கெமர் மொழியின் வழியே தாய்க்குச் சென்றவை. அவற்றில் பலவற்றின் வகரம் தாயில் காற்றுக் கலந்த பகரமாக ஒலிக்கும். வரம் அங்கே 'போன்', வனம் 'பனா', வீணை 'பின்'.

இந்தப் 'பின்'தான் கதையைச் சுவையாக்குகிறது. கம்போடியாவில் ஏறக்குறைய இதே குழுவுக்குப் பெயர் 'பின்பியத்', அதாவது வீணையும் வாத்தியமும். ஆனால் இன்றைய பின்பியத்தில் நரம்புக் கருவி எதுவும் வழக்கமாக இருப்பதில்லை. அங்கோரில் உள்ள பாயோன் கோயில் சிற்பங்களில் வில்போல் வளைந்த கருவியை மீட்டுகிறார்கள். பழைய இந்தியாவிலும் வீணை என்ற பெயர் நம் யாழைப் போன்ற வில்வடிவக் கருவியைக் குறித்தது. கருவி குழுவை விட்டுப் போய்விட்டது. பெயரில் மட்டும் அதன் இடம் காலியாகவில்லை.

தாய்லாந்திலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரண்மனை இசைத்துறையைப் 'பின்பாத்' துறை என்றே எழுதினார்கள். 1292ஆம் ஆண்டினது எனப்படும் சுகோதாய்க் கல்வெட்டும் பாத், பின் இரண்டின் ஒலியையும் அடுத்தடுத்துச் சொல்கிறது. (அதன் காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே வழக்கு உண்டு.) பின்பாத் முந்தியது, பீபாத் பிந்தியது என்பதே என் கணிப்பு. மெய்யெழுத்து தேய்ந்து பீ ஆனதாக மட்டும் நான் நினைக்கவில்லை. கேட்கிறவர் காதில் பீயின் குரல்தான் ஓங்கி நின்றது. பெயர் அதற்கு இணங்கிக்கொண்டது.

அந்தக் குரலுக்குக் காரணம் பனையோலை. பீயின் வாயில் நான்கு மடிப்பாகப் பனையோலை நறுக்கை வைத்து, சிறு உலோகக் குழாயில் நூலால் இறுகக் கட்டுகிறார்கள். நம் நாகசுரத்தின் சீவாளி கொறுக்கைத் தட்டையில் ஆவது. இங்கே அந்த வேலையைப் பனை செய்கிறது. நடுப்பகுதி புடைத்த மர உடல், ஆறு துளை. மற்றவையெல்லாம் அடிப்பவை. மரக்கட்டைகளைத் தொங்கவிட்ட 'ரனாத்' முன்னே ஓடும். பிரம்புச் சட்டத்தில் வட்டமாக 16 சேமக்கலங்களை அமைத்த 'கோங் வோங்' மூல இசையைத் தாங்கும்; வாசிப்பவர் வட்டத்துக்குள் அமர்ந்திருப்பார். குமிழுக்கு அடியில் மெழுகும் ஈயமும் கலந்து ஒட்டிச் சுருதி சேர்ப்பார்கள். 'தபோன்' முழவின் தோலில் சோறும் சாம்பலும் பிசைந்து அப்புவார்கள். கலைஞர்கள் குருவாக மதிப்பது அந்தத் தபோனைத்தான். குரு வணக்கத்தில் அதற்குத் தனி மரியாதை. எந்தக் கருவியையும் காலால் தாண்டுவதில்லை.

தாய்லாந்து மன்னர் மூன்றாம் ராமர் காலத்தில் (1824–1851) ரனாத்தும் கோங் வட்டமும் இணை இணையாகப் பெருகின. அடுத்த ஆட்சியில் உலோகக் கட்டை ரனாத்துகளும் சேர்ந்து 'பெரிய பீபாத்' உண்டாயிற்று.

இப்படி அடிகருவிகளே குழுவை நிறைத்ததால், பொதுவாக வாத்தியத்தைக் குறித்த சொல்லின் பொருளும் அவற்றின் பக்கம் சாய்ந்தது. வடக்கே லன்னாப் பகுதியில் அச்சாய்வு வெளிப்படை. அங்கே இப்படிப்பட்ட குழுவை 'பாத் கோங்' என்கிறார்கள். வடக்கத்தியர் பகரத்தில் காற்றும் கலப்பதில்லை. பாத்துக்கு முன்னால் 'பீ'யும் இல்லை, 'பின்'னும் இல்லை. வாத்தியம் என்று சொன்னாலே அவர்களுக்கு அடிகருவிதான்.