ஐந்துக்கு ஏழு

2010 டிசம்பரில் மலேசியாவும் இந்தோனேசியாவும் சூசுக்கி கிண்ணக் காற்பந்தில் மூன்று முறை மோதின: ஒரு குழு ஆட்டம், இரு சுற்றாக நடந்த இறுதியாட்டம். மூன்றையும் கூட்டினால் நாம் போட்டது ஐந்து கோல், வாங்கியது ஏழு. இரண்டில் தோல்வி. ஆனால் கிண்ணம் நமக்குத்தான் வந்தது.

பயிற்றுநர் கே. ராஜகோபால். அந்த வெற்றியைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அவருக்கு அப்படி ஓர் உள்ளுணர்வு" என்று முடித்துவிடுவோம். இந்தப் பாராட்டில் எனக்கு உடன்பாடு இல்லை.

டிசம்பர் 1 அன்று ஜகார்த்தாவில் 5-1 என்று அடி வாங்கினோம். அடுத்த ஆட்டத்தில் கோல்காவலர் ஷர்பினிக்குப் பதில் 21 வயது கைருல் ஃபாமி இறங்கினார். ஆனால் சபிக் ரஹிம், குணாளன் போன்ற இளைஞர்களை ராஜகோபால் கைவிடவில்லை. தாய்லாந்துடன் 0-0. லாவோஸை 5-1 என்றும், அரையிறுதியில் நடப்பு வெற்றியாளர் வியட்நாமை 2-0 என்றும் வென்றோம். டிசம்பர் 26 அன்று புக்கிட் ஜாலிலில் 3-0. மூன்று நாள் கழித்து ஜகார்த்தாவில் ஃபிர்மான் உத்தினாவின் பெனால்டியை ஃபாமி தடுத்தார். அன்று 2-1 எனத் தோற்றும், இரு சுற்றையும் சேர்த்து 4-2.

இது குருட்டு நம்பிக்கையா? அந்தப் பையன்களை 2009 சீ விளையாட்டில் தங்கம்வரை கூட்டிப்போனவரே ராஜகோபால்தான். 5-1 என்பது ஒரே ஓர் இரவின் அளவீடு. அவர் கையில் இருந்ததோ பல மாதம் பார்த்த பார்வை. சுங்கை வே தொழிற்சாலைகளில் இருபது வருஷம் நின்ற டெக்னீஷியன் அண்ணன்கள், சத்தத்தைக் கேட்டே மெஷினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். அது மந்திரம் இல்ல, எழுதிவைக்காத கணக்கு.

எழுதிவைத்த கணக்கும் தப்பும். இங்கிலாந்தில் சார்லஸ் ரீப் என்ற கணக்காளர் 1950 முதல் ஆட்டங்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் விழுகின்றன, அதனால் பந்தைச் சீக்கிரம் முன்னால் அனுப்புங்கள் என்றார். ஆனால் காற்பந்தில் பெரும்பாலான நகர்வுகளே மூன்று பாஸுக்குள் முடிந்துவிடும். கோல்களும் அங்கேதானே அதிகம் இருக்கும்? எண் சரி, கேள்விதான் தப்பு.

புக்கிட் ஜாலிலில் ரசிகர்களின் லேசர் ஒளியால் ஆட்டம் சில நிமிடம் நின்றதும், நம் மூன்று கோலும் அதன் பிறகே விழுந்ததும் 3-0 என்ற எண்ணில் தெரியாது.

நம் பெரியவர்களின் அறிவுக்கு 'கைராசி' என்று பெயர் வைத்துவிட்டால், கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. அது அவர்களோடு போய்விடும். 5-1க்கும் 3-0க்கும் நடுவே 25 நாள் இருந்தது. அந்த நாள்களில் ராஜகோபால் எதைப் பார்த்தார், எதை மாற்றினார் என்று கேட்டு யாராவது எழுதிவைக்க வேண்டும், தமிழிலேயே.