எவார்க்கா குலிசிவோரா

எவார்க்கா குலிசிவோரா என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரியைச் சூழ்ந்த கென்யா, உகாண்டா பகுதிகளில் வாழும் ஒரு தாவும் சிலந்தி இனமாகும். குருதி குடித்த பெண் கொசுக்களைத் (நுளம்புகளைத்) தேர்ந்து வேட்டையாடுவதன் மூலம் இது முதுகெலும்பிகளின் குருதியை மறைமுகமாக உண்கிறது. இதனால் "வாம்பயர் சிலந்தி" என்றும் அழைக்கப்படுகிறது. இப்பெயர் சற்று மிகையானது. தோலைத் துளைத்துக் குருதி உறிஞ்சும் வாயுறுப்பு இதற்கு இல்லை.

பெயரும் வாழிடமும்

இவ்வினம் 2003 ஆம் ஆண்டில் முறைப்படி விவரிக்கப்பட்டது. "குலிசிவோரா" என்ற இலத்தீன் சொல் "கொசு உண்ணி" எனப் பொருள்படும். ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமுள்ள இச்சிலந்தி மரத்தண்டுகளிலும் கட்டடச் சுவர்களிலும் காணப்படும்.

இரையைத் தேர்தல்

விக்டோரியா ஏரிக்கரையில் கொசுவைப் போலவே தோன்றும், ஆனால் கடிக்காத சிறு ஈக்கள் பெருந்திரளாக மொய்க்கும். அத்திரளிலிருந்து குருதி நிறைந்த கொசுவை இச்சிலந்தி பிரித்தறிகிறது. பார்வை மட்டும் இருந்தாலும், மணம் மட்டும் இருந்தாலும் அதனால் சரியாகத் தேர முடிகிறது என்பதை 2005 இல் வெளியான ஆய்வு காட்டியது.

மலேரியாவைப் பரப்பும் அனாபிலிசு கொசுக்களையே இது பெரிதும் விரும்புகிறது. அனாபிலிசு அமரும்போது அதன் வயிற்றுப்பகுதி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். சிலந்திக் குஞ்சுகள் இந்நிலையைப் பயன்படுத்திக்கொள்கின்றன. அவை சுற்றிச் சென்று, கொசுவின் பின்புறமாக வந்து, உயர்ந்த வயிற்றின் அடியில் நுழைந்து கீழிருந்து பற்றுகின்றன. தம்மினும் பெரிய இரையை வீழ்த்த இம்முறை உதவுகிறது. வேறு வகைக் கொசுக்களிடம் அவை இவ்வாறு சுற்றிச் செல்வதில்லை.

மணத்தின் பங்கு

குருதி உணவு இனச்சேர்க்கைக்கும் உதவுகிறது. குருதி குடித்த கொசுவை உண்ட சிலந்தியின் மணம் எதிர்ப்பாலினத்தை மிகுதியாக ஈர்ப்பது 2009 இல் அறியப்பட்டது. மனித மணமும் இதனை ஈர்க்கிறது. 2011 இல் வெளியான ஓர் ஆய்வில், அணிந்து கழற்றிய காலுறையின் மணம் வந்த இடத்தில் சிலந்திகள் கூடுதல் நேரம் தங்கின. உண்ணிச்செடி, ஆமணக்கு ஆகியவற்றின் மணத்தாலும் இவை கவரப்படுகின்றன.

மலேரியாவும் இச்சிலந்தியும்

குருதி குடித்த கொசு ஏற்கெனவே ஒருவரைக் கடித்துவிட்டது. எனவே அவருக்கு இச்சிலந்தியால் பயனில்லை. ஆயினும் மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் முதிர்ச்சியடைய ஒரு வாரத்திற்கு மேல் ஆகும். அதற்குள் அக்கொசு இரையானால் அடுத்தவருக்கு நோய் பரவாது. இதை வைத்து இச்சிலந்தியை மலேரியாவுக்கான தீர்வாகக் கருதுவது பொருந்தாது. இதன் வாழ்பரப்பு மிகச் சிறியது. கொசுவலைக்கும் மருந்துக்கும் இது மாற்றாகாது. வீட்டுச் சுவரில் தென்படும் இச்சிலந்தியைக் கொல்லாமல் விடுவது அப்பகுதி மக்களுக்கு நன்று.